மேகம் ஏறுவதற்குள் ஒரு கோட்: குன்னூரில் ஹெரால்டுக்குப் பெயின்ட் அடித்த அனுபவம்

குன்னூர்ப் பக்கம் வீட்டுக் கொட்டகையில் வைத்துக் காருக்குப் பெயின்ட் அடிக்க ஆண்டில் இரண்டு மாதம்தான் வாய்க்கும். கூடலூர்ச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரியது. மழை விட்ட பிறகும் மார்கழி முழுக்கச் சுவரில் ஈரம் நிற்கும். தை பிறந்தால் வெயில் உறைக்கத் தொடங்கும். பங்குனியில் கோடை மழை பிற்பகல்களில் எட்டிப்பார்த்துவிடும். ஆக, மிஞ்சுவது தையும் மாசியும். அந்த மாதங்களிலும் நாள் முழுக்க அடிக்க முடியாது. காலையில் தகடு பனியில் நனைந்து சில்லென்று கிடக்கும். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து, கேட்காமலே கொட்டகைக்குள் புகுந்துகொள்ளும். நடுவில் பத்தரை மணியிலிருந்து ஒரு மணி வரைதான் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கலாம்.

சமவெளிக்காரர்கள் சொல்லும் பக்குவங்களில் பாதி இங்கே தலைகீழாகிவிடுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு மாடல். பிரிட்டனில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் சென்னையில் தயாரித்தது. இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி வடிவமைத்த வண்டி. வீட்டில் பெயின்ட் அடிக்க இதைவிட வசதியான பழைய கார் கிடையாது என்பேன். தனிச் சேசிஸ் மீது பாகங்களை போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்த முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கித் திறக்கும். இரண்டு பேர் பிடித்தால் அது தனியாக வந்துவிடும். கதவும் டிக்கி மூடியும் அப்படியே. ஒரு நாள் பகலுக்கு ஒரு பாகம் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டரை மணி நேரம் மட்டுமே வெயில் தரும் ஊருக்கு அதுதான் தோதான கணக்கு. அம்பாசடரிலும் பத்மினியிலும் கூரையும் பின்பக்கமும் ஒரே உடலாக இருப்பதால் பெரிய பரப்பை ஒரே மூச்சில் அடித்து முடிக்க வேண்டியிருக்கும்.

இப்போது ஒர்க்‌ஷாப்புகளில் பெரும்பாலும் பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட்தான். பளபளப்பு, உழைப்பு இரண்டிலும் அதற்கு ஈடில்லை. ஆனால் அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அந்தப் புகையை மூச்சில் இழுத்து உடம்புக்கு ஒருமுறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் இழுப்பு வந்துவிடும். வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தெளிக்கவே கூடாது. கொட்டகையும் சமையலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே என்.சி. பெயின்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். என்.சி. என்றால் நைட்ரோ செல்லுலோஸ். பெயின்ட்டை இளக்கக் கலக்கும் தின்னர் ஆவியானதும் அது காய்ந்துவிடும். மறுபடி தின்னர் பட்டால் கரையும். மேலே அடிக்கும் கோட் கீழே இருக்கும் கோட்டைச் சற்றுக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஒழுகினாலும் வெளுத்தாலும் பூச்சி விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம். பெட்ரோல் சிந்தினால் தழும்பு விழும், வருடங்கள் போனால் மங்கும், அவ்வப்போது பாலிஷ் கேட்கும். இருந்தாலும், கெட்டுப்போனால் நம் கையாலேயே சரிசெய்ய முடிகிற பெயின்ட்தான் வீட்டுக்கு ஏற்றது. இதற்கும் சாதாரணத் துணி முகமூடி போதாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும்.

என் மாமா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டப்பாவைத் திருப்பிப் படித்தவர், "மாப்பிள்ளை, இதையா வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறாய்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கார்டைட் என்ற வெடிமருந்துக்கும் மூலப்பொருள் நைட்ரோ செல்லுலோஸ்தான். வெடிமருந்துக்கு ஆவதில் நைட்ரஜன் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பெயின்ட்டுக்கு ஆவதில் ஏறத்தாழ 11 முதல் 12 சதவீதம். பெயின்ட் வெடிக்காது என்றாலும் தீயை விரும்பி அழைக்கும். தரையில் படியும் உலர்ந்த பெயின்ட் தூள், தேய்த்த தூள், தின்னர் நனைந்த கந்தல் எல்லாமே பட்டென்று பற்றிக்கொள்ளும்.

அன்றிலிருந்து கொட்டகையில் மாமாவின் சட்டம்தான் நடந்தது. கந்தல்கள் தண்ணீர் ஊற்றிய தகர டின்னுக்குள் போய் மூடிக்கொள்ளும். தூளை ஈரத்துணியால் அன்றன்றே வழித்துவிட வேண்டும். கம்ப்ரசர் கதவுக்கு வெளியே நிற்கும். வேலை நடக்கும்போது உள்ளே எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. எங்கள் ஊர்க் குளிருக்குக் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைக்கத் தோன்றும். அதை வாசற்படிக்கு இப்பால் கொண்டுவரவே அவர் விடவில்லை. கேஸ் ஹீட்டரும் ஆகாது. தீ ஒரு காரணம். இன்னொன்று, கேஸ் எரியும்போது நீராவி வெளிவரும். ஈரத்தை விரட்ட நினைத்து ஈரத்தையே உள்ளே விட்டதாக ஆகிவிடும்.

பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரியாமல் அதன் மேல் என்.சி. அடிக்கக் கூடாது. பஞ்சைத் தின்னரில் நனைத்து மறைவான ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். பஞ்சில் நிறம் கரைந்து வந்தால் அது என்.சி. சுருங்கிக் கொப்பளித்தால் சினதெடிக் எனாமல். ஒன்றுமே ஆகவில்லையென்றால் ஹார்டனர் போட்ட பெயின்ட். எங்கள் ஹெரால்டில் யாரோ ஒரு காலத்தில் சினதெடிக் எனாமலைப் பிரஷ்ஷாலேயே தீற்றியிருந்தார்கள். அதன் மேல் என்.சி. தின்னர் பட்டால் கோழித் தோல் போலச் சுருங்கிவிடும். அதனால் தகடு வரை சுரண்டினோம்.

சுரண்டிய தகட்டை இரவு அப்படியே விட்டால் மறுநாள் காலையில் மஞ்சள் துரு படிந்திருக்கும். ஒரே நாளில் பிரைமர் என்ற அடிப்பூச்சு போட முடிந்த அளவுக்கு மட்டுமே சுரண்ட வேண்டும். துருவைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெரால்டில் கதவின் அடிவிளிம்பு, பக்கவாட்டு அடிச்சட்டம், டிக்கித் தரை ஆகியவைதான் முதலில் அரிக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளைப் பழைய பெயின்ட் அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிடுங்கள். அரித்த தகட்டின் மேல் பள்ளம் நிரப்பும் பசையான பட்டியை வைத்து மூடினால் அடுத்த மழைக்குள் கொப்புளம் எழும். வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதுதான் வழி. அந்த வேலையை நான் டிங்கரிடம் விட்டுவிட்டேன்.

பட்டி பார்ப்பதில் குளிர் ஒரு வம்பு செய்யும். ஹார்டனர் சுமார் 2 சதவீதம் போதும். எலுமிச்சை அளவுப் பட்டிக்குப் பட்டாணி அளவு. பத்து, பதினைந்து டிகிரி குளிரில் அது இறுகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உடனே எல்லோரும் ஹார்டனரைக் கூட்டிவிடுகிறார்கள். ஹார்டனரில் இருக்கும் பெராக்சைடு மிச்சப்பட்டு, பிறகு பிரைமரையும் தாண்டி மேலே கசிந்து, வெளிர் நிறப் பெயின்ட்டில் மஞ்சள் கறையாக நிற்கும். எங்கள் கார் கிரீம் நிறம் என்பதால் இந்த விஷயத்தில் கறாராக இருந்தேன். ஹார்டனரைக் கூட்டுவதற்குப் பதில் தகட்டைச் சூடாக்கலாம்: பட்டி வைப்பதற்கு முன் ஹேர் டிரையரை ஓட்டினால் பட்டி ஒழுங்காக இறுகும். பட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பதால் அதை வாட்டர் பேப்பர் கொண்டு நனைத்துத் தேய்க்கக் கூடாது, உலர் உப்புத்தாள்தான். 80-ஆம் எண் தாளில் தொடங்கி 180, பிறகு 320; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். பட்டி தெரியும் நிலையில் இரவு தாண்டவும் விடக் கூடாது. தேய்க்கும் கட்டைக்கு, தேய்ந்துபோன ஹவாய் செருப்பின் அடித்துண்டைவிடச் சிறந்ததை நான் பார்க்கவில்லை. வளைவுகளில் அது தகட்டோடு இணங்கிப் போகும். தட்டையான பரப்புக்கு மட்டும் நீள மரக்கட்டை வேண்டும்.

இனி முக்கியமான வியாதி. என்.சி. அடித்த சில நிமிடங்களில் மேற்பரப்பு பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தகடு குளிர்ந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனித்துளியாகப் படிந்து பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்பது எங்கள் ஊரில் ஒரு சாதாரண பகல். அந்தக் காற்றில் ஏறத்தாழ பதினான்கரை டிகிரியிலேயே பனி படியும். தகடு மூன்றரை டிகிரி குளிர்ந்தால் போதும், காரியம் கெட்டது. தின்னர் அந்த அளவு குளிர்ச்சியை வெகு எளிதில் கொண்டுவந்துவிடும்.

இதற்கு மலிவுத் தின்னர் மிக மோசம். அதில் வேகமாகப் பறக்கும் கரைப்பான்கள் அதிகம். மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் பெயரில்லாத கேனில் தந்த தின்னர், வெயில் நாளிலேயே வெளுக்க வைத்தது. கன் கழுவ மட்டும் அதை வைத்துக்கொண்டோம். நல்ல தின்னரோடு ரிடார்டர் என்ற மெதுவாக உலரும் கரைப்பானைச் சேர்ப்பதுதான் மருந்து. தின்னரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கூடினால் பெயின்ட் வாரக்கணக்கில் மெத்தென்றே இருக்கும், நகம் பட்டால் பதியும்.

காரில் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு நாளும் பிஸ்கட் டின் மூடி ஒன்றில் ஒரு கோட் அடித்து, பத்து நிமிடம் அது பக்கத்தில் காத்திருப்பேன். தெளிவாக இருந்தால் வேலை உண்டு. ஓரத்தில் லேசாகப் புகைபடிந்தாலும் அன்று விடுமுறை.

வெளுத்துவிட்டாலும் பதற வேண்டியதில்லை. லேசான வெளுப்பு என்றால், வெயில் ஏறிய பிறகு ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக அடித்தால் மேற்பரப்பு மறுபடி கரைந்து ஈரம் வெளியேறிவிடும். நிறம் தெளிவடைவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். காய்ந்துபோயிருந்தால், வெளுப்பு பெரும்பாலும் மேலாக மட்டுமே இருக்கும். ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் போய்விடும். பிரைமர் வெளுத்தால் மட்டும் விட்டுவைக்கக் கூடாது. அதன் பிடிமானம் போய், பின்னால் மொத்தமாக உரியும். தேய்த்தெடுத்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

ஈரம் வரும் இன்னொரு வழி கம்ப்ரசர். குன்னூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,850 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே கம்ப்ரசர் இங்கே அதிக நேரம் ஓடித்தான் டாங்கியை நிரப்பும். நீண்ட நேரம் ஓடினால் சூடாகும். சூடான காற்று நீராவியைச் சுமந்துகொண்டு ஹோஸ் வரை வந்து அங்கே குளிர்ந்து தண்ணீராகும். நீர்ப்பொறியைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டினால் பயனில்லை. காற்று குளிர்ந்த பிறகுதான் அதில் தண்ணீர் சிக்கும். ஆறேழு மீட்டர் ஹோஸ் தள்ளி, கன்னுக்குப் பக்கமாக மாட்டுங்கள். டாங்கியின் அடித்திருகைத் தினமும் திறந்துவிடுங்கள். வரும் தண்ணீரின் அளவைப் பார்த்தால் நம்ப முடியாது.

ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளமும் குளிரின் கைவரிசைதான். டப்பாவில் இருக்கும் பெயின்ட் குளிரில் தடித்துவிடும். தடித்திருக்கிறதே என்று தின்னரை ஊற்றிக்கொண்டே போனால் நிறம் மூடாது, ஒழுகும். வெந்நீர் வாளியில் டப்பாவை இறக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால் தானாக இளகும். அடுப்பில் வைக்கும் யோசனை யாருக்கும் வர வேண்டாம். தண்ணீரும் கொதிக்க வேண்டியதில்லை. கை பொறுக்கும் சூடு போதும். பெயின்ட்டும் தின்னரும் ஏறத்தாழச் சரிபாதி. கன்னில் 40 பவுண்டு காற்று. தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் முழுக்கையும் நகர வேண்டும். வீச்சு தகட்டைத் தாண்டிய பிறகே விசையை விட வேண்டும்.

ஒழுகல் என்றால் எங்களுக்குக் கதவுதான் பாடம். நிற்க வைத்து அடித்ததில் கைப்பிடிக் குழிக்குக் கீழே ஒரு கண்ணீர்க் கோடு இறங்கி, முனையில் உருண்டு நின்றது. ஈரமாக இருக்கும்போது அதைத் தொடாமல் விட்டுவிடுவதே மேல். நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சவர பிளேடை எடுத்து, இரு முனைகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் மட்டும் வாய் தெரியும்படி வைத்துக்கொண்டேன். டேப்பின் தடிமன் பிளேடை மேற்பரப்பிலிருந்து இம்மியளவு தூக்கி நிறுத்தும். கோட்டின் குறுக்கே மெதுவாக இழுத்தால் மேடு மட்டும் வெள்ளைத் தூளாகச் சீவிக்கொண்டு வரும்; பக்கத்துப் பரப்பில் ஒரு கீறலும் விழாது. உருண்ட முனை உள்ளே இன்னும் இளசாக இருந்ததால் அதை ஒரு வாரம் கழித்து மறுபடி சீவினேன். பிறகு 1000 வாட்டர் பேப்பர், சிறு கட்டை, சோப்புத் தண்ணீர். அதன் பின் 1500. ஒழுகிய இடம் எது என்று மாமாவைக் கேட்டால் இப்போது காட்டத் தெரியாது.

மீன்கண் எனப்படும் வட்டக் குழிகளுக்கு எண்ணெய்தான் காரணம். டாஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிக்கானுக்கு முதலிடம், தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய்க்கு அடுத்த இடம். கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கர் பசையை எடுக்க நீலகிரித் தைலம் அருமையாக உதவும். ஆனால் அந்தக் கை கழுவாமல் தகட்டுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. சளிக்குத் தைலம் தடவிக்கொண்டு வந்து எட்டிப்பார்க்கும் உறவினர்களையும் வாசலோடு நிறுத்துங்கள். கிரீஸ் எடுக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் துடைக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. குழி விழுந்துவிட்டால் மேலும் மேலும் அடித்து நிரப்ப முயலாதீர்கள். காயவிட்டு, தேய்த்து, துடைத்து, முதல் கோட்டை மெல்லிய தூவலாக அடியுங்கள்.

தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள். கோவைக்கு அது சரி; இங்கே அந்தத் தண்ணீர் நேராகப் பெயின்ட்டில் போய் உட்காரும். தரையை முதல்நாளே துடைத்துக் காயவிட்டு, சுற்றிலும் பாலிதீன் தொங்கவிட்டு, கால்மணி நேரம் ஆள் நடமாட்டமில்லாமல் விட்டால் தூசி தானாக அடங்கும். பாலிதீனைக் கூரைக்குக் கீழேயும் கட்ட வேண்டும். தகரக் கூரையின் அடியில் இரவில் பனி வியர்த்து விடியற்காலையில் சொட்டும். இளசான என்.சி.யில் ஒரு சொட்டு விழுந்தால் நாணயம் போல வளையம் நிற்கும். எங்கள் டிக்கி மூடியில் அப்படி மூன்று விழுந்தன. காம்பவுண்டில் இரண்டு போயின, மூன்றாவதற்குத் தேய்த்து அடிக்க வேண்டியிருந்தது. பூச்சி விழுந்தால் ஊசிமுனையால் இறக்கையைத் தூக்க முடிந்தால் சரி, இல்லையென்றால் காயட்டும். கால்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் 1500-இல் போய்விடும்.

கடைசிக் கோட் முடிந்ததும் பாலிஷ் போடக் கை துறுதுறுக்கும். பொறுக்க வேண்டும். என்.சி. சுருங்கிக்கொண்டே காயும். சுருங்கும்போது அடியில் இருக்கும் உப்புத்தாள் கீறல்களும் பட்டியின் விளிம்பும் மேலே தெரியத் தொடங்கும். உடனே தேய்த்துப் பளபளப்பாக்கினால் அடுத்த மாதம் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். குளிர்ந்த ஊரில் ஒரு மாதமாவது விடுவது நல்லது. பிறகு 1500, 2000 வாட்டர் பேப்பர், காம்பவுண்டு, பாலிஷ். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். கடைசியில் டேப்பை எடுத்துவிட்டுக் கையால் இரண்டு இழுப்பு போதும். மெழுகு போடுவதை இன்னும் சில வாரம் தள்ளிவையுங்கள்.

நிறத்தை மாற்றும் ஆசை இருந்தால் முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் நிறம் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். கிரீம் நிறமே இருக்கட்டும் என்று நாங்கள் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பள்ளம் மேட்டை வெளிர் நிறம் மறைக்கும் என்பது இன்னொன்று. கறுப்பும் கரும்பச்சையும் தகட்டின் ஒவ்வொரு ஒடுக்கையும் ஊருக்குச் சொல்லிவிடும்.

மிஞ்சிய பெயின்ட்டைத் தின்னர் கலக்காமல், சிறிய டப்பாவில் வாய் வரை நிரப்பி, கடையில் எழுதித் தந்த நிறக் கலவைச் சீட்டை மேலே ஒட்டி எடுத்துவையுங்கள். மேட்டுப்பாளையம் சாலையில் முன்னால் போகும் லாரி தெறிக்கும் கல் பானெட்டைத்தான் தேடி வரும். பல்குத்தும் குச்சியின் முனையில் ஒரு சொட்டு எடுத்து அந்தப் புள்ளியில் வைத்து, காய்ந்ததும் இன்னொரு சொட்டு வைத்து, மேடானதும் 2000-இல் சமன்செய்தால் அடையாளம் தெரியாது. வெள்ளையாகத் தகடு தெரியும் அன்றே வைத்துவிட வேண்டும். மறுநாள் என்றால் துருவையும் சேர்த்துச் சுரண்ட நேரிடும்.